பழைய எரிமலைப் பாறையை அரைத்து, அது எந்தத் தட்டு எல்லையில் பிறந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி

மலைச்சரிவில் பச்சையும் கறுப்புமாக ஒரு எரிமலைப் பாறை கிடக்கிறது. வயது சில கோடி ஆண்டுகள், சில இடங்களில் சில நூறு கோடி. அது கொட்டிய கடல் இன்று இல்லை, எரிமலையும் இல்லை. ஆனாலும் அந்தப் பாறையைப் பொடியாக்கி அதிலுள்ள பத்துப் பதினைந்து தனிமங்களைச் சரியாக அளந்தால் போதும். அது நடுக்கடல் முகட்டில் கசிந்த குழம்பா, ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் இடத்தில் எழுந்த எரிமலைத் தீவு வரிசையை, அதாவது தீவு வில்லைச் சேர்ந்ததா, ஹவாய் மாதிரி தட்டின் நடுவே பொங்கியதா என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும். புவியியல் படிக்கும் மாணவர்களை மனதில் வைத்து அந்த வேலையை முதலிலிருந்து எழுதுகிறேன். சொந்தமாகப் பாறை இல்லாதவர்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அளவீடுகளை வைத்து இதைச் செய்து பார்க்கலாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். பாறையின் வேதியியல் இடத்தின் பெயரைப் பதிவு செய்வதில்லை. எது உருகியது, எவ்வளவு ஆழத்தில் உருகியது, எவ்வளவு உருகியது, உருகும்போது அமிழும் தட்டிலிருந்து நீரும் வண்டலும் வந்து சேர்ந்தனவா, மேலே வரும் வழியில் எதையாவது கரைத்துக்கொண்டு வந்ததா, இவைதான் பதிவாகின்றன. "இது தீவு வில்", "இது முகடு" என்பதெல்லாம் அவற்றிலிருந்து நாம் ஊகிப்பது. இதை மறந்துவிட்டு, அளவீட்டை வரைபடத்தில் போட்டு, புள்ளி விழுந்த கட்டத்தின் பெயரை அப்படியே எழுதிவிடுபவர்கள்தான் இந்தத் துறையில் அதிகம் தவறுகிறார்கள்.

சைப்ரஸில் நடந்த சண்டை

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிவது சைப்ரஸ் தீவின் துரோதோஸ் மலையில். சுமார் 9.2 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கடல் மேலோடு அங்கே அடுக்குக் குலையாமல் தரைக்கு மேலே தூக்கப்பட்டுக் கிடக்கிறது. அடியில் மேன்டில் (மேலோட்டுக்குக் கீழே இருக்கும் அடுக்கு) பாறை, அதன் மேல் ஆழத்தில் மெதுவாக உறைந்த கப்ரோ, அதற்கும் மேலே ஒன்றையொன்று பிளந்துகொண்டு நுழைந்த டைக்குகள் (விரிசலில் புகுந்து உறைந்த குழம்பு) சுவர் சுவராக, உச்சியில் கடலடியில் வழிந்து தலையணை வடிவில் உறைந்த தலையணை லாவா. டைக்குக்குள் டைக் நுழைய வேண்டுமென்றால் தரை தொடர்ந்து விரிந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். அதனால் 1960களின் கடைசியில் பலரும் இதை ஒரு பழைய நடுக்கடல் முகடு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

1973-இல் ஜப்பானியப் பாறையியலாளர் அகிஹோ மியாஷிரோ குறுக்கே வந்தார். கீழ்த் தலையணை லாவாக்களிலும் டைக்குகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சிலிக்கா, இரும்பு, மெக்னீசியம் மாறும் விதத்தில் தீவு வில் பாறைகளைப் போலவே இருக்கின்றன, முகட்டில் அப்படி வராது, ஆகவே துரோதோஸ் ஒரு தீவு வில்லில் பிறந்திருக்க வேண்டும் என்று எழுதினார். எதிர்ப்பு கடுமையாக வந்தது. விரியும் டைக்குகளை வைத்துக்கொண்டு தீவு வில் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பது ஒரு கேள்வி. இன்னொன்று இதைவிடக் கூர்மையானது: இந்தப் பாறைகளுக்குள் சூடான கடல்நீர் ஓடியிருக்கிறது, சிலிக்காவும் இரும்பும் மெக்னீசியமும் அதில் கரைந்து இடம் மாறக்கூடியவை, நீங்கள் படிப்பது எரிமலையின் வேதியியலா, கடல்நீரின் வேதியியலா?

அந்த இரண்டாவது கேள்வி நியாயமானது. இன்று நாம் செய்யும் ஒவ்வொரு படியும் அதற்குப் பதில் சொல்லத்தான் இருக்கிறது.

கல் எடுக்கும்போது

ஆய்வகத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும், கெட்டுப்போன கல்லிலிருந்து நல்ல எண் வராது. தலையணை லாவாவாக இருந்தால் தலையணையின் உள்வயிற்றிலிருந்து எடுங்கள். விளிம்பு வேண்டாம், கண்ணாடியாக உறைந்த அந்த ஓரம்தான் கடல்நீரோடு முதலில் வினைபுரிவது. விதிவிலக்கு ஒன்று உண்டு: விளிம்பில் கண்ணாடி கறுப்பாக, பளபளப்பாக, மாறாமல் அப்படியே இருந்தால் அது பொக்கிஷம், தனியாகப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். துரோதோஸின் வழக்கைத் தீர்த்ததே அப்படிப்பட்ட கண்ணாடிதான்.

லென்ஸை வைத்துப் பாருங்கள். குமிழி ஓட்டைகளில் வெள்ளையாகக் கால்சைட்டோ ஸியோலைட்டோ நிரம்பியிருக்கிறதா? மயிரிழை மாதிரி குவார்ட்ஸ் நரம்பு ஓடுகிறதா? எபிடோட்டின் பிஸ்தா பச்சை திட்டுத் திட்டாகத் தெரிகிறதா? இருந்தால் இரண்டடி தள்ளி உடையுங்கள். பெரிய பெரிய படிகங்கள் நிறைந்த கல்லையும் தவிர்க்கலாம். பிளாஜியோகிளேஸோ ஒலிவினோ ஓரிடத்தில் குவிந்த பாறை உருகிய குழம்பின் கலவையைக் காட்டாது, குவிந்த படிகத்தின் கலவையைத்தான் காட்டும். நுண்மணிப் பாறைக்கு ஒரு கிலோ போதும்.

ஒரு கல் மட்டும் எடுத்துவிட்டு வருவதில் பயனில்லை. ஒரே லாவா அடுக்கில் அடியிலிருந்து உச்சிவரை பத்துப் பதினைந்தாவது வேண்டும், ஒவ்வொன்றும் அடுக்கில் எந்த உயரத்திலிருந்து வந்தது என்ற குறிப்போடு. இந்த உயரக் குறிப்பைப் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். பின்னால் முழுக்கதையும் அதில்தான் தொங்கும், ஏன் என்று துரோதோஸுக்குத் திரும்பும்போது சொல்கிறேன்.

ஆய்வகத்துக்கு வந்ததும் வெளித்தோலை ரம்பத்தால் வெட்டி எறியுங்கள், ரம்பம் பட்ட தடத்தைத் தேய்த்து எடுங்கள், வடிநீரில் கழுவுங்கள். அப்புறம் அரைக்கும் பாத்திரம் எது என்று கேளுங்கள், இது யாரும் கேட்காத கேள்வி. டங்ஸ்டன் கார்பைடு பாத்திரம் வேகமாக அரைக்கும், ஆனால் டங்ஸ்டனோடு கோபால்ட்டையும் டான்டலத்தையும் பொடியில் கலந்துவிடும். எஃகு என்றால் இரும்பும் குரோமியமும் சேரும். நாம் பார்க்கப்போகும் தனிமங்கள் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் இருப்பவை, சில ஒரு பிபிஎம்முக்கும் கீழே. அகேட் பாத்திரம் மெதுவாகத்தான் அரைக்கும், நேரமானாலும் அதையே வற்புறுத்துங்கள்.

எதை எதில் அளப்பது

சிலிக்கா, அலுமினா, இரும்பு, மெக்னீசியம், டைட்டானியம் போன்ற முக்கிய ஆக்சைடுகளுக்கு எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிரைப் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் கருவி) போதும். சிர்க்கோனியம், இட்ரியம், வனேடியம், குரோமியம், நிக்கலையும் அது நன்றாகவே அளக்கும். ஆனால் நமக்கு உயிரான இரண்டு தனிமங்கள் நியோபியமும் தோரியமும். சாதாரண நடுக்கடல் முகட்டு பசால்ட்டில் (சிலிக்கா குறைந்த கறுப்பு எரிமலைப் பாறை) நியோபியம் சுமார் 2.3 பிபிஎம், தோரியம் 0.12 பிபிஎம். இவ்வளவு குறைந்த அளவு எக்ஸ்ஆர்எஃப்புக்கு எட்டாது, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி கட்டாயம் வேண்டும். பழைய ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து எண்களை எடுக்கும்போதும் இதைப் பாருங்கள். நியோபியம் பத்தியில் வரிசையாக 3, 4, 3, 5 என்று முழு எண்கள் இருந்தால் அந்தப் பத்தியை நம்பி எதையும் கட்ட வேண்டாம்.

உங்கள் கற்களோடு கூடவே ஒரு தரக் கல்லையும் அளக்கச் சொல்லுங்கள். பசால்ட்டுக்கு வழக்கமாகப் பயன்படுவது அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் பிஎச்விஓ-2. ஹவாயின் ஹலேமௌமௌ குழியிலிருந்து 1919-இல் வழிந்த லாவா அது. அதன் எண்கள் உலகம் முழுக்கத் தெரிந்தவை என்பதால், உங்கள் ஆய்வகம் அதற்குத் தரும் எண் தவறினால் மற்றக் கற்களின் எண்ணும் தவறு என்று உடனே தெரிந்துவிடும். இதே கல்லைத்தான் கீழே கணக்குப் போட்டுப் பார்க்கவும் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

எந்தத் தனிமத்தை நம்புவது

இப்போது மியாஷிரோவைக் கேட்ட கேள்வி. பொட்டாசியம், சோடியம், ருபிடியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், சீசியம் எல்லாம் சூடான நீரில் எளிதாக இடம் மாறும். பழைய பாறையில் இவற்றை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. பாறைக்குப் பெயர் வைக்க எல்லாரும் பயன்படுத்தும் சிலிக்காவுக்கு எதிராகக் காரங்களை (சோடியம், பொட்டாசியம்) போடும் வரைபடம்கூட இதனால் பழைய பாறைக்கு ஆகாது. டைட்டானியம், சிர்க்கோனியம், ஹாஃப்னியம், நியோபியம், டான்டலம், இட்ரியம், தோரியம், அருமண் தனிமங்களில் (லாந்தனம், சீரியம், இட்டெர்பியம் அடங்கிய வரிசை) கனமானவை, இவை பெரும்பாலும் நகராது. வனேடியம், குரோமியம், ஸ்கேண்டியமும் ஓரளவு நம்பத்தக்கவை.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். கார்பனேட் நிறைந்த நீர் ஓடிய பாறையில் இவையும் அசையக்கூடும். அதனால் நூலில் எழுதியிருக்கிறது என்று விட்டுவிடாமல் உங்கள் கற்களிலேயே சோதியுங்கள், அரை மணி நேர வேலைதான். கிடை அச்சில் சிர்க்கோனியம், நிலை அச்சில் ஒவ்வொரு தனிமமாகப் போடுங்கள். ஒரே குழம்பிலிருந்து வந்த கற்களாக இருந்தால், நகராத தனிமம் ஒரு கோட்டில் வரிசையாக நிற்கும், நகர்ந்த தனிமம் சிதறிப்போகும். நியோபியம் கோட்டில் நின்று, ருபிடியம் அரிசி கொட்டிய மாதிரி சிதறினால் எல்லாம் எதிர்பார்த்தபடிதான். லாந்தனமே சிதறுகிறது என்றால் அந்தக் கற்களில் கை வைக்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

சூடாக்கினால் எவ்வளவு எடை குறைகிறது என்பதையும் பாருங்கள். சுமார் 6 சதவீதத்துக்கு மேல் போனால் பாறை நிறைய நீரையோ கரியமில வாயுவையோ உள்ளே வாங்கியிருக்கிறது என்று பொருள். சீரியம் அதன் இருபக்கத்து அருமண் தனிமங்களோடு ஒப்பிடும்போது பத்து சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தாலும் அந்தக் கல்லை ஓரமாக வைத்துவிடலாம். எவ்வளவு கஷ்டப்பட்டு மலையேறி எடுத்த கல்லாக இருந்தாலும் சரி.

இன்னொரு வடிகட்டல்: கீழே வரும் விகிதங்கள் பசால்ட்டுக்காக உருவானவை. குழம்பு மேலே குளிர்ந்து படிகங்களை உதிர்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் டைட்டானியமும் வனேடியமும் மேக்னடைட் படிகத்துக்குள் போய்விடும், விகிதம் கெட்டுவிடும். கால்சியம் ஆக்சைடும் மெக்னீசியம் ஆக்சைடும் சேர்ந்து 12 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கும் கற்களை மட்டும் எடுப்பது பியர்ஸ், கேன் என்ற இரு புவிவேதியியலாளர்கள் 1973-இல் வைத்த பழைய விதி, இன்றும் தொடக்கத்துக்கு அது போதும். பசால்ட்தானா என்பதை உறுதிசெய்ய, சிர்க்கோனியம்/டைட்டானியத்துக்கு எதிராக நியோபியம்/இட்ரியம் போடும் வரைபடம் இருக்கிறது, அதில் நகரும் தனிமம் எதுவும் இல்லை.

நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: உருகிய மேன்டில் செழிப்பானதா, ஏற்கெனவே சாறு போனதா? மேன்டில் உருகும்போது நியோபியம், தோரியம், லாந்தனம் மாதிரி படிகத்துக்குள் அடங்காத தனிமங்கள் முதலில் குழம்புக்குள் ஓடிவிடும், இட்டெர்பியம் அவ்வளவு சுலபமாக வராது. ஃபில்டரில் முதல் டிகாஷன் கெட்டியாக இறங்குவதும், அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் நீர்த்து இறங்குவதும் போலத்தான். நடுக்கடல் முகட்டின் அடியில் இருப்பது முன்பே சாறு இறங்கிய மேன்டில். அதனால் நியோபியம்/இட்டெர்பியம் விகிதம் அங்கே சுமார் 0.8, ஹவாய் மாதிரியான கடல்தீவு பசால்ட்டுகளின் சராசரியில் 20-க்கும் மேல். இரண்டுக்கும் நடுவே செழித்த முகட்டு பசால்ட்டுகள் 3.5 அளவில் நிற்கும்.

இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: அமிழும் தட்டு எதையாவது கொடுத்ததா? தட்டு கீழே போகப்போகச் சூடேறி நீரை விடுகிறது, அதன்மேல் கிடக்கும் வண்டலும் உருகுகிறது. அந்த நீரும் உருகலும் பேரியம், பொட்டாசியம், ஸ்ட்ரான்ஷியம், ஈயம், தோரியம், லாந்தனம் எல்லாவற்றையும் மேலே இருக்கும் மேன்டிலுக்குள் கொண்டு சேர்க்கும். நியோபியமும் டான்டலமும் மட்டும் பின்தங்கிவிடும். அந்த நீரில் அவை அவ்வளவாகக் கரைவதில்லை, தட்டுக்குள் இருக்கும் ரூட்டைல் படிகமும் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விளைவு: தீவு வில் பாறைகளில் தோரியமும் லாந்தனமும் உயர்ந்து நிற்க, நடுவில் நியோபியம் பள்ளமாக விழும். பேரியம் பழைய பாறையில் நம்பகமில்லை என்பதால், அந்தப் பக்கத்தின் பிரதிநிதியாகத் தோரியத்தை எடுத்துக்கொள்கிறோம்.

இதைப் பார்க்க மிகச் சிறந்த வரைபடம் ஜூலியன் பியர்ஸ் உருவாக்கியது. கிடை அச்சில் நியோபியம்/இட்டெர்பியம், நிலை அச்சில் தோரியம்/இட்டெர்பியம், இரண்டும் லாக் அளவில். அமிழும் தட்டின் கை படாத பசால்ட்டுகள் எல்லாம், சாறு போன முகட்டிலிருந்து செழித்த கடல்தீவு வரை, ஒரே சாய்ந்த பட்டைக்குள் அடங்கும். அந்தப் பட்டையில் தோரியம்/நியோபியம் சுமார் 0.05 முதல் 0.08 வரை. தீவு வில் பாறைகள் பட்டைக்கு மேலே, அதற்கு இணையாக மிதக்கும். நீங்கள் ஒரே ஒரு வரைபடம்தான் போட முடியும் என்றால் இதைப் போடுங்கள்.

மூன்றாவது: எவ்வளவு ஆழத்தில் உருகியது? சுமார் 80 கிலோமீட்டருக்குக் கீழே மேன்டிலில் கார்னெட் நிலையாக இருக்கும். கார்னெட்டுக்கு இட்டெர்பியம் மீது தனிப் பிரியம், விடாது. ஆக ஆழத்தில் கார்னெட் மிச்சமிருக்கும்படி உருகிய குழம்பில் இட்டெர்பியம் குறைந்து, டைட்டானியம் ஆக்சைடு/இட்டெர்பியம் உயரும். முகட்டில் இந்த விகிதம் 0.4 அருகே, தடித்த தட்டுக்கு அடியில் உருகிய கடல்தீவுப் பாறையில் 1.3 அருகே.

நான்காவது டைட்டானியம்/வனேடியம். ஷெர்வேஸ் என்ற புவியியலாளர் 1982-இல் கொடுத்தது. நீர் கலந்த, ஆக்சிஜன் கூடிய சூழலில் உருகும்போது வனேடியத்தின் மின்னூட்டம் கூடி அது படிகத்தை விட்டுக் குழம்புக்குள் போகும், டைட்டானியத்துக்கு அந்தக் கவலை இல்லை. எனவே தீவு வில்லில் விகிதம் 20-க்குக் கீழே, முகட்டில் 20 முதல் 50, தட்டு நடுவின் காரப் பசால்ட்டுகளில் 50-க்கு மேலே. 10-க்கும் கீழே போனால் காதைக் கூர்மையாக்குங்கள், போனினைட் வாசனை அது. போனினைட் என்பது சிலிக்கா 52 சதவீதத்துக்கு மேலும், மெக்னீசியம் ஆக்சைடு 8-க்கு மேலும், டைட்டானியம் ஆக்சைடு 0.5-க்குக் கீழும் இருக்கும் விசித்திரமான பாறை. சிலிக்காவும் மெக்னீசியமும் ஒன்றாகக் கூடுவது சாதாரணமாக நடக்காது. மிகவும் சாறு போன மேன்டில், தட்டு விட்ட நீரின் உதவியால், ஆழம் குறைந்த இடத்தில் மறுபடி உருகினால்தான் அது வரும்.

ஒரு கணக்கு

பிஎச்விஓ-2 கல்லின் எண்கள்: டைட்டானியம் ஆக்சைடு 2.73 சதவீதம், வனேடியம் 317 பிபிஎம், நியோபியம் 18, தோரியம் 1.22, இட்டெர்பியம் 2.0, லாந்தனம் 15.2. முதலில் டைட்டானியம் ஆக்சைடு சதவீதத்தை 5995-ஆல் பெருக்குங்கள், டைட்டானியம் பிபிஎம்மில் வரும்: சுமார் 16,370. அதை 317-ஆல் வகுத்தால் 52. முகட்டின் மேல் எல்லையைத் தொட்டுத் தாண்டுகிறது. நியோபியம்/இட்டெர்பியம் 9, செழித்த மேன்டில். தோரியம்/இட்டெர்பியம் 0.61. தோரியத்தை நியோபியத்தால் வகுத்தால் 0.068, பட்டைக்குள் சரியாக உட்காருகிறது, அமிழும் தட்டின் தடயம் இல்லை. டைட்டானியம் ஆக்சைடு/இட்டெர்பியம் 1.37, ஆழத்தில், கார்னெட்டோடு உருகியிருக்கிறது.

நியோபியப் பள்ளத்தையும் எண்ணாக்கிவிடலாம். ஒவ்வொரு தனிமத்தையும் ஆதி மேன்டிலின் (கண்ட மேலோடு பிரியும் முன் இருந்த மேன்டில்) அளவால் வகுக்க வேண்டும்: நியோபியத்துக்கு 0.713, தோரியத்துக்கு 0.085, லாந்தனத்துக்கு 0.687. நமக்கு வருவது 25, 14, 22. தோரியத்தையும் லாந்தனத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 18. நியோபியத்தின் 25-ஐ அதனால் வகுத்தால் 1.4. ஒன்றுக்கு மேலே வந்தால் பள்ளம் இல்லை, மேடு. தீவு வில் பாறைகளில் இதே எண் ஒன்றுக்கு நன்றாகக் கீழே இறங்கும், கண்டங்களின் மேற்புற மேலோட்டின் சராசரியிலும் 0.2 அளவுதான்.

எங்கே பிறந்தது என்று தெரியாமல் இந்தக் கல் உங்கள் கையில் கிடைத்திருந்தால், ஆழத்தில் உருகிய, செழித்த, தட்டின் நீர் படாத மேன்டில் என்று எழுதியிருப்பீர்கள். ஹவாய்க்கு அது சரியான வர்ணனை.

பெரிய பொறி

கடைசியில் சொன்ன எண்ணைத் திரும்பப் பாருங்கள்: கண்ட மேலோட்டிலும் நியோபியம் பள்ளமாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் ஒரு சாதாரண குழம்பு கண்டத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரும்போது வழியில் பழைய கிரானைட்டைக் கரைத்துக்கொண்டால்? அதுவும் தீவு வில் மாதிரியே வேஷம் போடும்.

இது கற்பனை இல்லை, நம் தக்காணத்திலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மகாராஷ்டிரப் பக்கம் 6.6 கோடி ஆண்டுகள் பழைய தக்காண லாவா அடுக்கடுக்காக நிற்கிறது. அதில் அம்பேனலி என்ற அடுக்கு கண்டத்தின் கலப்பு மிகக் குறைந்தது, அதற்குக் கீழே இருக்கும் புஷே அடுக்கு மிக அதிகமாகக் கலந்தது. புஷேயின் ஸ்ட்ரான்ஷியம் 87/86 ஐசோடோப்பு விகிதம் (பழைய கண்டப் பாறை கலந்தால் உயர்வது) 0.713-க்கும் மேலே போகிறது, அம்பேனலியில் 0.704 அருகே. புஷேயின் கற்களை மட்டும் எடுத்து வரைபடத்தில் போட்டால் பட்டைக்கு மேலே ஏறி நிற்கும், விவரம் தெரியாதவர் தக்காணத்தில் ஒரு தட்டு அமிழ்ந்தது என்று எழுதிவிடலாம். அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, ஆனால் ஒற்றைக் கல்லை வைத்து முடியாது, கூட்டமாகப் பார்க்க வேண்டும். கலப்பு நடந்திருந்தால் புள்ளிகள் பட்டையிலிருந்து கிளம்பிக் கண்ட மேலோட்டை நோக்கிச் சரிவாக ஏறும், கலப்புக் குறைந்த கல் ஒரு முனையிலும் கூடிய கல் மறு முனையிலுமாக. தீவு வில் என்றால் கூட்டம் மொத்தமாகப் பட்டைக்கு இணையாக மேலே நகர்ந்திருக்கும். தோரியம்/நியோபியம் கூடக்கூட ஸ்ட்ரான்ஷியம், நியோடிமியம் ஐசோடோப்புகளும் கூடவே மாறுகின்றனவா என்று பாருங்கள், மாறினால் சந்தேகம் கலப்பின் பக்கம். அப்புறம் கண்ணையும் பயன்படுத்துங்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்த தட்டையான லாவா, ஆண்டிசைட் (தீவு வில்களில் மிகுந்து வரும், பசால்ட்டைவிடச் சிலிக்கா கூடிய பாறை) கிட்டத்தட்ட இல்லை, சாம்பல் படிவு குறைவு என்றால் அது தீவு வில்லின் முகமே இல்லை. அடியில் பழைய கிரானைட் இருக்கிறதா இல்லையா என்று நிலவரைபடம் சொல்வதை, எந்த விகிதமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

துரோதோஸ் எப்படி முடிந்தது

அங்கே அடியில் கண்டம் இல்லை, மேன்டில்தான், ஆகவே கலப்பு என்ற சாக்கு எடுபடாது. நகராத தனிமங்களை வைத்துப் பார்த்தபோதும், அகாகி ஆற்றுப் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் கிடைத்த மாறாத கண்ணாடியை அளந்தபோதும், தீவு வில் தன்மை உறுதியானது. நீர் செறிந்த குழம்புகள், மேல் அடுக்குகளில் போனினைட்டை ஒத்த லாவாக்கள். மியாஷிரோ நகரும் தனிமங்களை வைத்து எட்டிய முடிவு, நகராத தனிமங்களிலும் நின்றது. ஆனால் விரியும் டைக்குகளும் பொய் இல்லையே. அமிழும் தட்டுக்கு மேலே இருக்கும் தட்டிலேயே கடல்தரை விரிந்தது என்பதுதான் இரண்டையும் ஒன்றாக விளக்கியது, 1980களில் அந்த எண்ணம் நிலைபெற்றது.

அடுக்கின் உயரம் ஏன் முக்கியம் என்று இப்போது பாருங்கள். பசிபிக்கில் ஜப்பானுக்குத் தெற்கே, இசு-போனின்-மரியானா வரிசையின் முன்புறக் கடல்தரையில், அடியில் முகட்டு பசால்ட்டைப் போன்ற லாவாவும் அதன் பின் போனினைட்டும் வருகின்றன. சுமார் 5.2 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே தட்டு அமிழத் தொடங்கிய கணத்தின் பதிவு என்று அதைப் படிக்கிறார்கள், 2014-இல் கடலடியில் துளையிட்டும் பார்த்தார்கள். முதலில் மேன்டில் மேலெழுந்து வெறுமனே உருகுகிறது, பிறகு தட்டின் நீர் வந்து சேர்ந்ததும் சாறு போன அதே மேன்டில் மறுபடி உருகுகிறது. துரோதோஸிலும் தட்டின் தடயம் அடியிலிருந்து உச்சிக்குப் போகப்போகப் போனினைட்டை நோக்கி நகர்கிறது, அதனால்தான் பலர் அதையும் அமிழ்வு தொடங்கிய இடமாகப் பார்க்கிறார்கள். எல்லாக் கற்களின் எண்களையும் ஒரே சராசரியாக்கியிருந்தால் இந்தக் கதை காணாமல் போயிருக்கும்.

மிகப் பழைய பாறைகளில்

கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே மரடிஹள்ளியில் 250 கோடி ஆண்டுகள் பழைய தலையணை லாவா தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகவே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். தெலங்கானாவின் கத்வால் பட்டையிலிருந்து போனினைட்டுகள் பதிவாகியுள்ளன. கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பாறைகளிலும் போனினைட் போன்றவை உண்டு. இவற்றில் இதே விகிதங்களைப் போடலாம், போட வேண்டும். ஆனால் நம் வரைபடங்களின் கட்டங்கள் எல்லாம் இன்றைய, இளம் எரிமலைகளை வைத்து வரைந்தவை. அன்றைய மேன்டில் இன்றையதைவிடச் சூடாக இருந்தது, கொமாட்டியைட் என்ற 18 சதவீதத்துக்கு மேல் மெக்னீசியம் ஆக்சைடு கொண்ட லாவா பாய்ந்தது, தட்டுகள் இன்றுபோல் நகர்ந்தனவா என்பதே விவாதம். அமிழ்வு இருந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் பாறையைப் படிக்கிறோம், அமிழ்வு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வரைந்த கட்டத்தை வைத்தே பதில் சொன்னால் கேள்வியே விடையாகிவிடும். ஆகவே இங்கே "தீவு வில்" என்று எழுத வேண்டாம். "சாறு போன மேன்டில், தோரியம் சேர்ந்திருக்கிறது, நியோபியம் சேரவில்லை, கார்னெட் தடயம் இல்லை, ஐசோடோப்பில் கலப்புத் தெரியவில்லை" என்று எழுதுங்கள். இருபது ஆண்டு கழித்து விளக்கம் மாறினாலும் அந்த வரி நிற்கும்.

கல் இல்லாதவர்கள் இன்றே தொடங்கலாம். ஜியோராக் தளத்தில் உலகம் முழுவதிலிருந்தும் வெளியான எரிமலைப் பாறை அளவீடுகள் இலவசம், வரைபடம் போட ஜிசிடிகிட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, சாதாரண எக்செல்லும் போதும். தக்காணத்தைத் தேடி அம்பேனலி, புஷே இரண்டின் அளவீடுகளையும் இறக்குங்கள், கூடவே மரியானாவின் பசால்ட்டுகளையும். நியோபியமும் தோரியமும் ஐசிபி-எம்எஸ்ஸில் அளந்தவையா என்று பார்த்து மற்றதை நீக்குங்கள். மூன்றையும் மூன்று நிறத்தில் பியர்ஸின் வரைபடத்தில் போட்டு, புஷே எந்தப் பக்கமாகச் சாய்ந்து ஏறுகிறது, மரியானா எப்படி இணையாக மிதக்கிறது என்று பாருங்கள். அப்புறம் நிற விளக்கத்தை மறைத்துவிட்டு, எது எது என்று நண்பர் ஒருவரிடம் கேளுங்கள்.